கடைவாயிலும் வலைவாயிலும்

சேர்வராயன் மலையடிவாரம் முதல் காவிரிக்கரை வரை பரந்து கிடக்கும் சேலம் நாமக்கல் சமவெளி, மழைவளம் மிக்க நிலம் அன்று. ஆற்றுப் பாய்ச்சல் பெறும் கரையோர ஊர்கள் சில நீங்கலாக, எஞ்சிய பகுதி பெரும்பாலும் மானாவாரியும் கிணற்றுப் பாசனமுமே. ஆகவே இந்நிலத்து மக்கள் உழவோடு நின்றுவிடாமல், கைத்தொழிலிலும் வாணிகத்திலும் கருத்தைச் செலுத்தினர். சேலத்தில் வெள்ளிக் கொலுசும் வெண்பட்டும், ஆத்தூர் இராசிபுரம் பகுதிகளில் மரவள்ளிக் கிழங்கும் அதனின்று பெறும் ஜவ்வரிசியும், நாமக்கல்லில் கோழிமுட்டையும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு அமைக்கும் ரிக் வண்டிகளும் பெயர் பெற்றன.

இத்தொழில்கள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. பொருளை வாங்குவோர் பக்கத்தில் இல்லை. சேலத்து ஜவ்வரிசியை மிகுதியாக உண்போர் தமிழர் அல்லர். நோன்பு நாள்களில் அதனைக் கிச்சடியாகச் சமைத்து உண்ணும் மராட்டியரும் குஜராத்தியருமே ஆவர். நாமக்கல் முட்டை கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடமாநிலங்களைக் கடந்து, ஆப்பிரிக்க நாடுகளிலும் நிலத்தைத் துளைக்கின்றன. செய்பவன் ஓரிடத்தில், வேண்டுபவன் வேறோரிடத்தில். இருவரும் ஒருவரையொருவர் அறிவது எங்ஙனம்?

முற்காலத்தில் இவ்விடைவெளியைத் தரகர் நிரப்பினர். இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. அக்காலத்தில், 1943ஆம் ஆண்டில், சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும் மலேயாவிலிருந்து வந்த பொப்பட்லால் ஷா என்பாரும் மரவள்ளி மாவினின்று ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். தொழில் வளர்ந்தது, ஆலைகள் பெருகின. ஆயினும் ஆலை உடையோர்க்குத் தம் பொருளை இறுதியில் வாங்குபவர் யார் என்பது தெரியாது. வாங்குவோனை அறியாத உற்பத்தியாளன், இடையில் நிற்போர் சொன்ன விலைக்கு இணங்குவதன்றி வேறு வழியறியான். இந்நிலையை மாற்றுதற்பொருட்டே 1981ஆம் ஆண்டில் ‘சேகோசர்வ்’ எனப்படும் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் தோன்றிற்று. ஆலையினர் தம் பொருளைச் சங்கக் கிடங்கில் சேர்ப்பர். வணிகர் மாதிரியைக் கண்டு, ஒருவர் விலையை மற்றவர் அறியாவண்ணம் விலைப்புள்ளி அளிப்பர். ஒளிவு மறைவான பேரத்துக்கு இது பெருந்தடையாயிற்று.

கூட்டுறவு திறந்த கதவு ஒன்று. மற்றொரு கதவை அறிவியல் திறந்தது. 1989ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், ஆய்வாளர் தம் குறிப்புகளைத் தொலைவிலிருந்தே பகிர்ந்துகொள்ள ஒரு திட்டம் வகுத்தார். அதுவே உலகளாவிய வலை. 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள், கட்டணமின்றி எவரும் அதனைப் பயன்படுத்தலாம் என்று செர்ன் நிறுவனம் அறிவித்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் கிட்டியது. இன்று இராசிபுரத்து ஆலை ஒன்றுக்கு வலைத்தளம் இருக்குமாயின், நள்ளிரவில் நாகபுரியிலிருந்தும் ஒருவர் அதன் வாயிலுக்கு வந்து நிற்கலாம். வந்தவரை உள்ளே அழைத்து, வேண்டுவதைக் காட்டி, ‘இன்ன பொருள் இத்துணை வேண்டும், விலை யாது?’ என்று அவரே வினவுமாறு செய்வதுதான் வணிகத் தளத்தின் வேலை. இங்ஙனம் வரும் வினவலை வணிகர் ‘லீடு’ என்றும் ‘என்கொயரி’ என்றும் வழங்குவர்.

கடைவாயிலுக்கும் வலைவாயிலுக்கும் உள்ள வேற்றுமையை முதற்கண் உணர்தல் வேண்டும். செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் ஒருவர் கடைமுன் நின்று தயங்கினால், “வாருங்கள், என்ன வேண்டும்?” என்று கடைக்காரர் எழுந்து கேட்பார். வந்தவர் முகம் சுளித்தால் வேறு சரக்கை எடுத்துப் போடுவார். ஒன்றும் வாங்காமல் இறங்கினால் காரணத்தை ஒருவாறு உணர்ந்துகொள்வார். வலைவாயிலில் நிற்பவன் முகம் தெரியாது. அவன் வந்ததும் போனதும் ஓசையின்றி நிகழ்வன. அவன் வெறுப்புற்றுத் திரும்பியதை உரிமையாளர் அறியாமலே இருந்துவிடக்கூடும். ஆகையால், கடைக்காரர் வாயால் கேட்டறிவதைத் தளம் அமைப்பவர் முன்னரே எண்ணியறிந்து எழுதிவைக்க வேண்டியவராகின்றார்.

நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறை இருப்பதாகக் கொள்க. அதன் தளத்தைத் திறந்தவுடன் நிறுவனரின் பெரிய உருவப்படம் தோன்றுகின்றது. அடுத்துப் பூக்கள் உதிர்கின்றன; படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன; ‘தரமே எமது உயிர்மூச்சு’ என்னும் தொடர் மின்னுகின்றது. விசயவாடாவில் புதிய சேசிஸ் ஒன்றை வாங்கி நிறுத்தியிருக்கும் ஒருவர் இத்தளத்துக்கு வருகின்றார். தம் வண்டிக்கு எத்துணை அடி நீளப் பாடி பொருந்தும், மரத்தாலா இரும்பாலா, எத்தனை நாளில் முடியும், ஏறத்தாழ என்ன செலவாகும் என்பனவே அவர் உள்ளத்தில் உள்ள கேள்விகள். இவற்றுள் ஒன்றுக்கும் விடை கிடைக்கவில்லை. அவர் அடுத்த தளத்துக்குப் போய்விடுகின்றார். பட்டறையின் வேலை தரம் குறைந்தது அன்று. அதனைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை, அவ்வளவே.

ஏற்காடு செல்லும் சாலையில், சேலத்தின் எல்லையருகே ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ என்னும் பெயர் தாங்கிய முகப்பு வளைவு ஒன்று நிற்கின்றது. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1935ஆம் ஆண்டில் நிறுவிய படப்பிடிப்பு நிலையத்தின் வாயில் அது. நூற்றுக்கு மேற்பட்ட திரைப்படங்கள் அங்கு உருவாயின. இன்று நிலையம் இல்லை. வாயில் மட்டும் உண்டு. அதனைக் காண்போர் பழம்பெருமையை எண்ணி நிற்பர். வரலாற்றுச் சின்னத்துக்கு அது போதும். வாணிகத் தளங்களிலும் பல, உள்ளே ஒன்றுமில்லாத முகப்பு வளைவுகளாகவே இருப்பது வருந்தத்தக்கது.

திரையில் மக்கள் எவ்வாறு படிக்கின்றனர் என்பதை அறிஞர் ஆராய்ந்துள்ளனர். ஜேக்கப் நீல்சன் என்பாரும் அவர்தம் துணைவரும் 1997ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வில், 79 விழுக்காட்டினர் பக்கத்தை மேலோட்டமாகவே நோக்கினர். சொல் சொல்லாகப் படித்தோர் 16 விழுக்காட்டினரே. ஆகவே தலையாய செய்தி மேலே, எளிய சொற்களில் இருத்தல் வேண்டும். எதைச் செய்கின்றோம், யாருக்குச் செய்கின்றோம், அடுத்து நீர் செய்ய வேண்டியது யாது என்னும் மூன்றும் முதற்பார்வையிலேயே விளங்குமாயின், வந்தவர் மேலும் சில நொடிகள் நிற்பார். நிறுவனர் வரலாறு வேண்டா என்பதன்று. அதற்குரிய இடம் உட்பக்கம்.

சொல் என்றவுடன் நினைவுக்கு வருவது ஒரு நுட்பமான செய்தி. சேலத்தார் ஜவ்வரிசி என்பர். மராட்டியர் சாபுதானா என்பர். மேலைநாட்டார் மரவள்ளி முத்து எனப் பொருள்படும் ‘டாபியோகா பேர்ல்ஸ்’ என்னும் பெயரால் தேடுவர். திருச்செங்கோட்டில் போர்வெல் எனப்படுவதை ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் போர்ஹோல் என்று வழங்குகின்றனர். கூகுள் முதலிய தேடுபொறிகள், தேடுபவன் தட்டும் சொல்லைக் கொண்டே தளங்களைக் கண்டெடுத்து வரிசைப்படுத்துகின்றன. விற்பவன் தன் ஊர்ச்சொல்லை மட்டும் எழுதிவைத்தால், வாங்குபவன் தன் ஊர்ச்சொல்லால் தேடிக் காணாமல் போவான். ஒரே பொருளுக்கு ஊர்தோறும் வழங்கும் பெயர்களை அறிந்து தளத்தில் இடுதல் பழைய வணிகர் பன்மொழி கற்றதற்கு ஒப்பாகும். சிலர் பொருளின் பெயரையும் விலையையும் அழகிய படமாக வரைந்து ஒட்டிவிடுகின்றனர். படத்தினுள் அமைந்த எழுத்தைத் தேடுபொறி தவறவிடக்கூடும். பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருளும் இடர்ப்படும். எழுத்தை எழுத்தாக இடுவதும், படத்துக்கு விளக்கக் குறிப்பு எழுதுவதும் இருசாரார்க்கும் உதவி.

அடுத்து நம்பிக்கை. முகமறியாதவனிடம் பணம் கொடுப்பதற்கு எவனும் அஞ்சுவான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2002ஆம் ஆண்டில் 2,684 பேரிடம் இணையத்தளங்களின் நம்பகம் பற்றிக் கருத்துக் கேட்டனர். அவர்தம் குறிப்புகளுள் ஏறத்தாழப் பாதி, தளத்தின் தோற்றத்தையும் ஒழுங்கையும் பற்றியவை. தோற்றம் முதலில் கண்ணில் படுகின்றது. ஆனால் அதனோடு நின்றுவிடுவதில்லை. ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலத்தல், வெண்மைக்காக வேதிப்பொருள் சேர்த்தல் என்னும் குற்றச்சாட்டுகள் இவ்வட்டாரத்தில் எழுந்ததுண்டு. நேர்மையான ஆலையினரையும் அவை வாட்டின. சேலம் ஜவ்வரிசி 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. எனினும் குறியீடு ஊருக்குக் கிடைத்த பெருமை. ஒவ்வோர் ஆலையும் தன் நேர்மையைத் தானே காட்டியாக வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிம எண், ஆய்வுக்கூடச் சான்று, தெருப்பெயருடன் கூடிய முகவரி, களத்தில் வெயிலில் ஜவ்வரிசி உலரும் உண்மைப் புகைப்படம் ஆகியவை தளத்தில் இருப்பின், அடைமொழிகள் பத்து சொல்லாததை அவை சொல்லிவிடும். விலைக்கு வாங்கிய படத்தில் கோட்டணிந்து கைகுலுக்கும் அயல்நாட்டார் சிரித்த முகத்துடன் தோன்றுவது இக்காலத் தளங்களில் மலிந்துவிட்டது. சிரிப்பவர் ஆத்தூரை நேரில் கண்டவர் அல்லர் என்பது வாங்குவோனுக்குத் தெரியாதா?

வந்தவர் மீண்டும் வருவதற்குக் காரணம் வேண்டும். இதற்குச் சான்று நாமக்கல்லிலேயே உண்டு. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982ஆம் ஆண்டில் தோன்றியது. முட்டையின் விலையைப் பண்ணையாளர்களே கூடி முடிவு செய்யும் நோக்கமுடையது அது. அக்குழு நாமக்கல் உள்ளிட்ட பல ஊர்களுக்கு உரிய விலையை, நூறு முட்டைக்கு இத்துணை ரூபாய் என, நாள்தோறும் தன் தளத்தில் வெளியிடுகின்றது. அப்பக்கத்தில் கண்ணைக் கவரும் ஒப்பனை ஏதும் இல்லை. வரிசை வரிசையாக எண்களே உள்ளன. ஆயினும் பண்ணையாளரும் மொத்த வணிகரும் அதனை நாடிச் செல்கின்றனர். அன்றாடம் மாறும் மெய்யான செய்தி ஒன்று இருக்குமிடத்தை மக்கள் தாமே தேடி வருவர் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? தனி ஆலையொன்று வாரந்தோறும் இருப்பு அளவையும், முத்து நைலான் என்னும் வகைகளின் விலையையும் நாளிட்டு வெளியிட்டால் அதே பயன் சிறிய அளவில் விளையும். ஆனால் இரண்டாண்டுக்கு முந்தைய விலை அழியாமல் நிற்குமாயின், விலை போடாமல் இருப்பதே மேல்.

இவ்வளவும் கைப்பேசியில் காணத்தக்கதாய் இருத்தல் வேண்டும். லாரி உரிமையாளர் பெரும்பாலும் மேசைமுன் அமர்ந்திருப்பவர் அல்லர். சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போதும், சாலையோர உணவுக்கடையில் தேநீர் அருந்தும்போதும் கைப்பேசித் திரையிலேயே அவர் தேடுகின்றார். திறப்பதற்கு மூன்று விநாடிக்குமேல் ஆகும் பக்கத்தைக் கைப்பேசியில் வருவோருள் 53 விழுக்காட்டினர் கைவிட்டு விடுகின்றனர் என்று கூகுள் நிறுவனம் 2016ஆம் ஆண்டில் தெரிவித்தது. முன்னர்க் கூறிய பட்டறைத் தளத்தில் பூ உதிர்வதற்குள் விசயவாடாக்காரர் போய்விட்டிருப்பார்.

வந்தவர் பொருளைக் கண்டார், நம்பினார், விலை கேட்க விழைகின்றார். இவ்விடத்தில்தான் பல தளங்கள் தவறுகின்றன. வினவல் படிவத்தில் பெயர், தந்தை பெயர், நிறுவனப் பெயர், பதவி, முகவரி, நகரம், அஞ்சல் எண், இரண்டு தொலைபேசி எண்கள், எம்மைப் பற்றி எங்ஙனம் அறிந்தீர் என்று கட்டங்கள் நீள்கின்றன. விலை கேட்க வந்தவரிடம் விசாரணை நடத்துவது முறையோ? எக்ஸ்பீடியா என்னும் பயண முன்பதிவு நிறுவனத்தின் படிவத்தில் ‘நிறுவனம்’ என ஒரு கட்டம் இருந்தது. சிலர் அதில் தம் வங்கியின் பெயரை எழுதினர். அதைத் தொடர்ந்து வங்கியின் முகவரியையும் எழுதினர். அட்டைக்குரிய முகவரியோடு அது பொருந்தாமையால் பணம் செலுத்துதல் தடைபட்டது. அந்த ஒரு கட்டத்தை நீக்கியதால் ஆண்டுக்கு ஒரு கோடியே 20 இலட்சம் டாலர் ஊதியம் கூடிற்று என்று அந்நிறுவனத்தார் கூறிய செய்தி 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஜவ்வரிசி ஆலைக்குப் பெயர், தொடர்பு எண், வேண்டிய வகை, எத்தனை மூட்டை, எந்த ஊருக்கு என்னும் ஐந்தே போதும். ஊர் தெரிந்தால் லாரி வாடகையைக் கணக்கிடலாம். மற்றவற்றைப் பேசும்போது கேட்டுக்கொள்ளலாம். எழுதத் தயங்குவோர்க்கு, ஒருமுறை தொட்டவுடன் அழைப்புச் செல்லும் தொலைபேசி எண்ணும் வாட்சப் எண்ணும் ஒவ்வொரு பக்கத்திலும் இருத்தல் நன்று.

ஒருவர் தம் எண்ணை எழுதித் தருவது ஓர் அடைக்கலம் போன்றது. விலை சொல்வதற்காகப் பெற்ற எண்ணைப் பிற வணிகர்க்கு விற்பதும், வேண்டாத விளம்பரங்களை நாள்தோறும் அனுப்புவதும் கடைக்கு வந்தவரின் பையைத் துழாவுவதற்கு ஒப்பானவை. எந்த நோக்கத்துக்காக விவரம் பெறப்படுகின்றது என்பதை முன்னரே கூறி இசைவு பெறுதல் வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய மின்னணுத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. படிவத்தின் கீழே இரண்டு வரிகளில் அதனை எழுதிவைப்பது அரிய செயல் அன்று.

வினவல் வந்து சேர்ந்ததும் தளத்தின் வேலை முடிகின்றது. மனிதரின் வேலை தொடங்குகின்றது. ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’ என்னும் இதழ் 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்க நிறுவனங்கள் 2,241-க்கு இணையவழி வினவல்கள் அனுப்பப்பட்டன. ஒரு மணி நேரத்துக்குள் மறுமொழி அளித்தவை 37 விழுக்காடு. மறுமொழியே அளிக்காதவை 23 விழுக்காடு! பெரும்பொருள் செலவிட்டு வாயிலை அமைத்து, விருந்தினர் கதவைத் தட்டும்போது உறங்கிவிட்டனர் போலும். ஒரு மணி நேரத்துக்குள் தொடர்பு கொள்ள முயன்றோர், அதற்கு மேலும் ஒரு மணி நேரம் தாழ்த்தவரைக் காட்டிலும் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதியாகப் பயனுள்ள உரையாடலைப் பெற்றனர் என்றும் அவ்விதழ் கூறிற்று. வாங்க நினைப்பவர் ஒரே வேளையில் நான்கு இடங்களில் கேட்கின்றார். முதலில் வாய் திறந்தவரிடமே பேச்சு வளர்கின்றது. இராசிபுரத்துச் சிற்றாலைக்கு அமெரிக்கப் பெருநிறுவனத்தின் ஆள்வலிமை இல்லை. ஆனால் உரிமையாளரின் கைப்பேசி அவர் சட்டைப்பையிலேயே உள்ளது. பெரியவர் இரண்டு நாளில் தருவதைச் சிறியவர் இருபது நிமிடத்தில் தரக்கூடிய இடம் இது ஒன்றே எனலாம்.

இவ்வினவல்களைக் குறிப்பதற்குச் சிலர் விலைமிக்க மென்பொருளை வாங்குகின்றனர். பழைய பேரேடும் போதும். நாள், பெயர், ஊர், கேட்ட பொருள், அளவு, மறுமொழி தந்த நேரம், முடிவு என்று ஏழு பத்திகள் இட்டு எழுதி வந்தால், ஓராண்டில் அதுவே தளத்துக்கு ஆசிரியராகிவிடும். ஆயிரம் பேர் வந்து இருபது பேர் வினவி ஐவர் வாங்கியிருப்பின், வந்த தொள்ளாயிரத்து எண்பது பேர் வாய் திறவாமல் போனது ஏன் என்று முதற்பக்கத்தை ஆராய்தல் வேண்டும். வினவிய பதினைவர் வாங்காதது ஏன் என்பதற்கு விலையையும் மறுமொழி தந்த நேரத்தையும் நோக்குதல் வேண்டும். மூட்டையின் எடை எவ்வளவு என்று பத்துப் பேர் கேட்டிருந்தால், அச்செய்தி தளத்தில் இல்லை, அல்லது கண்ணில் படும் இடத்தில் இல்லை. நவராத்திரிக்குச் சில வாரங்களுக்கு முன்பே மராட்டிய ஊர்களிலிருந்து வினவல்கள் மிகுவதாகப் பேரேடு காட்டுமாயின், அடுத்த ஆண்டு ஆவணி பிறக்கும்போதே இருப்பும் விலையும் சாபுதானா என்னும் பெயரோடு, இந்தி மொழியிலும் மராட்டி மொழியிலும், முதற்பக்கத்தின் மேற்புறத்துக்கு வந்துவிடும்.